மருந்து விமானமும் தண்ணீர் கலந்த கதையும்

சென்ற கார்த்திகையில் பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டில் ட்ரோன் வைத்து மருந்து அடித்துக் காட்டினார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்கு எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது, வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஐயா, ஒங்க காலத்துல ஏரோப்பிளேன்லயே மருந்து அடிச்சியளாமே? அது விழுந்துட்டுன்னும் சொல்லுதாவ. எவனோ பெட்ரோல வித்துத் தின்னுட்டு, தண்ணிய ஊத்தி வச்சிட்டானாம்லா?”

“யார் சொன்னா?”

“எங்க மாமனார். அவுகளுக்குக் குருவிகுளம்.”

“அவர் பார்த்தாரா?”

“இல்ல, அவுகளுக்கு அவுக அய்யா சொன்னது.”

தேதி சொல்லாமல் யார் எந்தச் சம்பவத்தைச் சொன்னாலும் நம்பாத புத்தி எனக்கு. இந்தக் கதைக்குத் தேதி உண்டு. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படியிருந்தும் இந்தத் தண்ணீர்க் கதை மூன்றாம் தலைமுறைக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

துறையில் நான் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். இலைக்கு அடியில் எத்தனை அசுவினி, காய்க்குள் எத்தனை புழு என்று பார்ப்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். விமானத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரிசல் பருத்திக்கு வானத்திலிருந்து மருந்து தெளிக்க அரசு ஏற்பாடு செய்து, அதற்கு ஒரு தனியார் கம்பெனியின் சிறு விமானம் வந்தபோது, ‘உனக்கு நன்றாக நடக்க வரும்’ என்ற ஒரே தகுதியில் என்னைக் கொடிக்காரர்களுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சங்கரன்கோவில் நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்து, விமான விபத்துச் செய்திகளைத் தேடித் தேடிப் படிப்பேன். விழுந்த மறுநாள் வரும் செய்தியையும், விசாரணை முடிந்த பிறகு உள்பக்கத்தில் சிறியதாக வரும் செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் அநேகமாக ஒத்துப்போகாது. 1974 மார்ச்சில் பாரிஸ் அருகே ஒரு பெரிய விமானம் விழுந்தது. அப்போதும் குண்டு என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் பார்த்தால், சரக்கறைக் கதவு சரியாகத் தாழிடப்படவில்லை. 1978 புத்தாண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, பம்பாயிலிருந்து கிளம்பிய விமானம் சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. சதி, குண்டு என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி தவறாகக் காட்டியதும், இருட்டில் விமானி அதை நம்பியதும்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

இதைச் சொல்லக் காரணம், எங்கள் விமானம் விழுந்தது அதே மாதம். பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை. பம்பாய்ச் செய்தி ஊரில் இன்னும் ஆறவில்லை. விமானம் விழுந்தால் யாரோ விழவைத்தார்கள் என்றே எல்லாருக்கும் தோன்றிய நேரம் அது.

குருவிகுளத்துக்குக் கிழக்கே ஒரு சரள் பொட்டலைச் சமப்படுத்தி ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். விமானத்தில் ஒரே ஓர் ஆள்தான் உட்காரலாம். விமானியைக் கேப்டன் என்றே கூப்பிட்டோம். பெங்களூர்க்காரர், விமானப்படையில் இருந்தவர், தமிழ் அரைகுறை. மெக்கானிக் தாமஸ் நாகர்கோவில்காரர். பெட்ரோல் ஊற்ற உள்ளூரிலேயே ஒருவரை அமர்த்தினார்கள். அவர்தான் சுடலைமுத்து. முப்பது வயதிருக்கும். அதற்கு முன் ஒரு ரைஸ்மில்லில் ஆயில் இன்ஜின் ஓட்டியவர்.

பெட்ரோல் ஊற்றுவதை ஒரு பூசை போலத்தான் செய்வார்கள். பீப்பாயை முந்தின நாளே நிமிர்த்தி அசையாமல் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கிவிடும் என்பதற்காகக் கைப்பம்பின் குழாய் பீப்பாயின் அடியைத் தொடக் கூடாது. புனலில் மெல்லிய பதனிட்ட தோலை விரித்து அதன் வழியாகத்தான் ஊற்றுவார்கள். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. ஊற்றி முடித்து, டேங்குக்குக் கீழே உள்ள குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்க்க வேண்டும். பச்சை நிறப் பெட்ரோல். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும். சுடலைமுத்து அந்தக் குப்பியைப் பார்க்கும்போது யாராவது பேசினால் எரிச்சல்படுவார்.

“பேசாம இரியும் வே. மேல போறது ஒரு உசுரு.”

எங்கள் அதிகாரி தெய்வநாயகம். உதவி இயக்குநர் என்பதால் ஏ.டி. சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் கேள்வி கேட்க மாட்டார். தவறான ஒரு செய்தியைச் சாவதானமாகச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எதிரே நிற்பவர் திருத்துகிறாரா, திருத்தினால் எவ்வளவு வேகமாகத் திருத்துகிறார் என்று கவனிப்பார். “நேற்று இளையரசனேந்தல் போகலையாமே நீங்க” என்பார். போனவன், “போனேனே சார், இன்னார் தோட்டத்துல நின்னேன், இன்னாரைப் பார்த்தேன்” என்று கொட்டிவிடுவான். போகாதவன் ஒரு கணம் யோசிப்பான். அந்தக் கணம் அவருக்குப் போதும். ‘கேட்டா பொய் சொல்லுவான், தப்பாச் சொன்னா திருத்துவான்’ என்று ஒருநாள் ஜீப்பில் என்னிடம் சொன்னார். அதன்பின் அவர் எது சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான்.

பொங்கலுக்கு விடுமுறை விட்டார்கள். டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் தாமஸ். பாதி டேங்கில் காற்று இருந்தால் இரவுப் பனியில் அது குளிர்ந்து உள்ளே நீர் கோத்துக்கொள்ளுமாம். சுடலைமுத்து முட்ட நிரப்பி, குப்பி பார்த்து, மூடியைத் திருகினார். தாமஸ் பஸ் ஏறினார். கேப்டன் குற்றாலம் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை. நான் பருத்திக் காட்டின் மேற்கு ஓரத்தில் கொடிக்காரர்களோடு நின்றேன். மூங்கில் கம்பில் வெள்ளைக் கொடி கட்டி, விமானம் ஒரு பாட்டம் அடித்துப் போனதும் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பாட்டத்துக்குக் கொடி காட்ட வேண்டும். மூன்று பாட்டம் ஒழுங்காகப் போயிற்று. நாலாவது பாட்டம் முடிந்து மேலே ஏறித் திரும்பும்போது இன்ஜின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதியில் இறக்கையில் காற்று உரசுவது மட்டும் கேட்டது. கேப்டன் அதைப் பருத்திக் காட்டில் இறக்கப் பார்த்தார். கரிசலில் மழை ஈரம் இன்னும் இருந்தது. சக்கரம் புதைந்து, மூக்கு மண்ணில் குத்தி, வால் தூக்கி நின்றுவிட்டது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. கேப்டனுக்குத் தாடை எலும்பும் ஒரு காலும் முறிந்திருந்தன. ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கோவில்பட்டிக்கும், அங்கிருந்து பாளையங்கோட்டைக்கும் கொண்டுபோனோம். உயிர் இருந்தது. பேச முடியவில்லை.

நாங்கள் திரும்பி வருவதற்குள் கதை முடிவாகியிருந்தது. போலீஸ் வந்து பார்த்தபோது டேங்க் காலி. மூடியும் இல்லை. இன்ஜினுக்கு அடியில் உள்ள வடிகட்டிக் கிண்ணத்தைத் திறந்து பார்த்ததாகவும், அதில் தண்ணீர் இருந்ததாகவும் தாமஸ் சொன்னார். அந்தத் தண்ணீரை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. லீவில் பெட்ரோலைக் கள்ளத்தனமாக விற்றுவிட்டு, டேங்கில் மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், வேறென்ன என்றார் இன்ஸ்பெக்டர். சாயங்காலமே சுடலைமுத்துவைக் கொண்டுபோய்விட்டார்கள். கேப்டன் இறந்துபோனால் வழக்கு வேறு மாதிரி ஆகும் என்று சொல்லி, சுடலைமுத்துவின் மனைவியை ஸ்டேஷன் வாசலிலிருந்து விரட்டினார்கள்.

எனக்கு எல்லார் மீதும் சந்தேகம். முட்ட நிரப்பிய டேங்கில் மூன்று நாளில் பெட்ரோலைத் திருடி, அதே அளவு தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் கிளம்பவே கிளம்பாது. இது நாலு பாட்டம் ஓடியிருக்கிறது. தண்ணீர் ஊற்றியிருந்தால் டேங்கில் அதுவாவது இருக்க வேண்டுமே, எப்படிக் காலியாக இருக்கும்? இதை ஏ.டி. சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“சுடலைமுத்து ஒத்துக்கிட்டானாமே” என்றார்.

“இல்ல சார், ஒத்துக்கலை.”

“சரி. நாளைக்கு ஊருக்குப் போவோம்.”

மறுநாள் விமானம் விழுந்த காட்டுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் ஆட்கள் கூடினார்கள். கூட்டத்தில் மாடசாமி என்ற, உழுது பிழைக்கும் சம்சாரி மட்டும் தலைத்துண்டை நெற்றிக்குக் கீழே இழுத்துக் கட்டி, கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். ஏ.டி. சார் அவரைத்தான் பார்த்தார்.

“மாடசாமி, பழநிக்குப் போய் முடி இறக்கிட்டு வந்தீங்களாம். புருவத்தையும் சேர்த்தா இறக்குவாங்க?”

கூட்டம் சிரித்தது. துண்டு ஓரத்தில் விலகியிருந்தது ஏ.டி. சார் கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவன் அதை இழுத்தபோது நாங்களும் பார்த்தோம். ஒரு பக்கப் புருவமும் மீசையும் இல்லை.

“பழநியாவது ஒண்ணாவது” என்றார் அவர் மனைவி பேச்சியம்மாள், முன்னால் வந்து. “பச்ச எண்ணெய அடுப்புல ஊத்துனாரு, மீச போச்சு. நான் அப்பமே சொன்னேன், வாட ஒரு மாதிரி இருக்கு, வேண்டாம்னு. கேட்டாத்தான?”

“ஏட்டி, சும்மா கெட” என்று மாடசாமி பல்லைக் கடித்தார்.

ஏ.டி. சார் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ அது சுடலைமுத்து முந்தின வாரமே வித்த பெட்ரோல். நீங்க வாங்கியிருக்கீங்க. அவன் ஜெயிலுக்குப் போறது நிச்சயம்.”

“யாரு வித்தா? யாரு வாங்குனா?” பேச்சியம்மாள் குரல் உயர்ந்தது. “ஏரோப்பிளேன் விழுந்து, அந்த மனுசன நீங்க தூக்கிட்டுப் போன பொறவு, இங்கன நிக்கிற அம்புட்டுப் பேரும் கொடத்த எடுத்துட்டு ஓடுனாவ. டேங்கு நெறைய இருந்துச்சு. ஒரு கொடம் எண்ணெய்க்கு ஒரு மனுசன் செயிலுக்குப் போணுமா? ஏ மக்கா, வாயத் தொறந்து சொல்லுங்க! அன்னைக்கு மட்டும் வெரசலா ஓடுனிய!”

எல்லாரும் மாடசாமியைப் பார்த்தார்கள். மாடசாமி தரையைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

“மூடி தெறக்கவே வரல சார். நானும் எந்தம்பியும் சேந்து திருகுனோம். தெறந்ததும் ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். வெளிய வரல, உள்ள இழுத்துச்சு. கைய வச்சுப் பொத்துனேன், உள்ளங்கையப் பிடிச்சு இழுத்துச்சு. பேயின்னுட்டு எந்தம்பி ஓடிட்டான்.”

“மூடி எங்கே?”

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய் எடுத்துவந்தார். நல்ல கனமாக இருக்கிறதே என்று எடுத்து வைத்திருந்தாராம். மூடியின் மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒட்டியிருந்தன. ஏ.டி. சார் ஒரு ஈர்க்குச்சி கேட்டு வாங்கி அந்தச் சந்தனத்தைக் குத்தினார். உள்ளே ஒரு துளை.

மண்ணெண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டு ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எண்ணெய் விக்கி விக்கி வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டுக் காற்றை விட்டால்தான் ஒழுங்காக இறங்கும். டேங்க் மூடியில் அந்த இரண்டாவது ஓட்டை இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். சந்தனம் அதை அடைத்துவிட்டது. முட்ட நிரப்பிய டேங்கில் காற்றே இல்லை. கொஞ்சம் பெட்ரோல் செலவானதும் மிச்சம் கீழே இறங்க மறுத்துவிட்டது. டேங்க் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டே இன்ஜின் பட்டினியில் செத்தது.

அன்று மதியம் ஏ.டி. சார் தாமஸை அழைத்தார். நானும் இருந்தேன்.

“காலையில பறக்கறதுக்கு முந்தி மூடியில இருந்த பொட்டைத் துடைச்சிட்டீங்க, இல்லையா. நல்ல காரியம்.”

“இல்ல சார், நான் தொடவே இல்ல” என்றார் தாமஸ் வேகமாக. “அது அவங்க சாமி காரியம். நாம போய்த் துடைச்சா ஊருல வம்பாகும்னு அப்படியே விட்டுட்டேன்.” சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வடிகட்டிக் கிண்ணத்துத் தண்ணீரைப் பற்றி ஏ.டி. சார் ஒன்றும் கேட்கவில்லை. தாமஸும் அதன்பின் அதைச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் உண்மையிலேயே இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

ஸ்டேஷனில் சுடலைமுத்து உதடு வீங்கி உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் எதிரிலேயே ஏ.டி. சார் ஆரம்பித்தார்.

“மூடியில பொட்டு வச்சது தாமஸ்தானாம்.”

அது தப்பிக்க ஒரு வழி. ஆம் என்று தலையசைத்திருந்தால் போதும்.

“தாமஸ் சாரா? அவரு ஊருலயே இல்லையே. நான்லா வச்சேன்” என்றார் சுடலைமுத்து. “மாட்டுப் பொங்கலன்னைக்கு மாட்டுக்கு வைப்போம், வண்டிக்கு வைப்போம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஈரத்துணியால தொடச்சு, மூக்குல ஒண்ணு, சக்கரத்துல ஒண்ணு வச்சேன். எண்ணெய் குடிக்கிற வாயிலயும் ஒண்ணு, கெட்டியா, உதுந்துரக் கூடாதுன்னு.” பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். “ஏன் சார்? என்ன?”

ஏ.டி. சார் மூடியைக் காட்டி விளக்கினார். சுடலைமுத்து அதைக் கையில் வாங்கி, துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“கேப்டன் பொழச்சுக்கிடுவாவளா?”

“பிழைச்சுக்குவார்.”

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி இல்லை. “களவை மறைக்க இப்ப சாமிய இழுக்கானா?” என்றார். ஆனால் பெட்ரோல் எடுத்தவரின் வாக்குமூலமும் மூடியும் இருந்தன. விடுவிக்கச் சம்மதித்தார்.

ஏ.டி. சார் அங்கேயே உட்கார்ந்து பச்சை மையில் அறிக்கை எழுதினார். என்னை வாசிக்கச் சொன்னார். ‘பண்டிகைக் காலத்தில் எரிபொருள் மூடியில் சந்தனம் பூசப்பட்டு, காற்றுத் துளை அடைபட்டதால் இன்ஜின் நின்றது. பூசியவர் யாரென்று தெரியவில்லை.’

“தெரியலன்னு ஏன் எழுதுதிய?” என்றார் சுடலைமுத்து. “நான்தான் சொன்னேன்லா.”

“உன் நல்லதுக்குத்தான். பேர் போட்டா கம்பெனி உன் மேல கேஸ் போடும். பேசாம வீட்டுக்குப் போ.”

“களவாணின்னு எழுதும்போது எம்பேரு இருந்துச்சு. எங்கய்யா பேரு, ஊரு, வயசு எல்லாம் கேட்டு எழுதுனாவ. இதுல மட்டும் எம்பேரு ஏன் இல்ல? பேரில்லாம வெளிய போனா, ஏ.டி. அய்யா பாவப்பட்டு விட்டுட்டாவன்னுதான் ஊரு சொல்லும். கேசு போட்டா போடட்டும். பொட்டு வச்சேன், அதுக்கு என்ன உண்டோ வாங்கிக்கிடுதேன். களவாங்கல.”

“பேர் வேண்டாம்னு நீயே சொன்னதா இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன்” என்றார் ஏ.டி. சார்.

“நான் எப்பம் சொன்னேன்?” என்று சுடலைமுத்து பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். “எழுதுத வரைக்கும் நான் போகல.”

விடுதலையானவனை வெளியே போகச் சொல்லி இன்ஸ்பெக்டரே கெஞ்ச வேண்டியதாயிற்று. கடைசியில் ஏ.டி. சார் ‘தெரியவில்லை’ என்றதை அடித்துவிட்டு, சுடலைமுத்து சொன்னபடியே வேறொரு வரி எழுதினார். நான் அதைச் சத்தமாக வாசித்த பிறகுதான் சுடலைமுத்து எழுந்தார்.

சில வாரம் கழித்து மேலிடத்துக்குப் போன டைப் அடித்த நகலை அலுவலகத்தில் பார்த்தேன். அந்த வரி இல்லை. பேனாவால் அடித்திருந்த பழைய வரியும் இல்லை. ‘இன்ஜின் நின்றது’ என்பதோடு முடிந்திருந்தது. டைப்பிஸ்ட், ஏ.டி. சார் கொடுத்ததைத்தான் அடித்ததாகச் சொன்னார். ஏ.டி. சார், டைப்பிஸ்ட் விட்டிருப்பார் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நான் திருத்தவில்லை, சும்மா நின்றேன். இரக்கத்தால் எடுத்தாரா, லீவு நாளில் விமானத்துக்குக் காவல் போடாதவர் யார் என்ற கேள்வி வரக் கூடாது என்று எடுத்தாரா? அந்தக் காவலைப் போட்டிருக்க வேண்டியவர் அவர்தான். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஊரும் தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டது. மாட்டுப் பொங்கலுக்கு வைத்த பொட்டு ஒரு விமானத்தைச் சாய்த்தது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. குடம் எடுத்துக்கொண்டு ஓடியதைச் சொல்லவும் வாய் வரவில்லை. திருடன் ஒருவன் இருந்தால் எல்லாருக்கும் வசதி. அடுத்த வருஷம் வேறு கம்பெனி விமானம் வந்தது. சுடலைமுத்துவை வேலைக்குக் கூப்பிடவில்லை. மறுபடி ரைஸ்மில் இன்ஜினுக்கே போனார். பெட்ரோல் பங்க் பக்கம் போனாலே யாராவது ஒருவன், “அண்ணாச்சி, தண்ணி எவ்வளவு?” என்று கேட்பான் என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

அவர் சொல்லி, ஏ.டி. சார் எழுதி, நான் வாசித்த வரி இதுதான்: ‘மூடியில் சந்தனம் வைத்தவன் குருவிகுளம் சுடலைமுத்து, தகப்பனார் பெயர் வேலாண்டி. பெட்ரோலில் தண்ணீர் இல்லை.’